லோக்கல் அட்ராக்‌ஷன்

என்னிடம் 37 சான்றிதழ்கள் இருக்கின்றன. அவற்றில் 31-ஐ 2020 மே மாதத்துக்கும் செப்டம்பருக்கும் இடையில் வாங்கினேன். ஊரடங்கில் எல்லாக் கல்லூரிகளும் ஒரே நேரத்தில் வெபினார் நடத்த ஆரம்பித்த காலம். ஜூமில் பெயரைப் போட்டு, கேமராவை அணைத்துவிட்டு, குக்கர் விசிலை எண்ணிக்கொண்டே ‘புவியியலில் புதிய போக்குகள்’ கேட்டிருக்கிறேன். முடியும் நேரத்தில் சாட்டில் ஒரு கூகுள் ஃபார்ம் வரும். நிரப்பி அனுப்பினால் மறுநாள் மெயிலில் பிடிஎஃப். தங்க நிற பார்டர், மூன்று பேரின் கையெழுத்து, என் பெயருக்கு முன்னால் மறக்காமல் ஒரு ‘முனைவர்’. காலை ஒன்று, மாலை ஒன்று என்று ஒரே நாளில் இரண்டு வாங்கியதும் உண்டு. எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து ஒரு ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். நாக் குழு வரும்போது அதைக் கேட்டு வாங்கிப் போவார்கள். தூக்கினால் கனமாகத்தான் இருக்கும்.

அந்த ஃபைலின் கடைசி உறையில் சான்றிதழ் அல்லாத ஒரு காகிதம் இருக்கிறது. ஒரு மாணவனின் ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கத்தின் ஜெராக்ஸ். பிரிஸ்மாட்டிக் காம்பஸ் சர்வே, ஐந்து நிலையங்கள், ஓர் அட்டவணை. அதில் அவன் 304° என்று எழுதியிருப்பதை நான் சிவப்பு மையில் அடித்து, மேலே 311° என்று எழுதியிருக்கிறேன். பத்துக்கு ஆறு மதிப்பெண். கீழே என் கையெழுத்து. 2018 பிப்ரவரி.

இந்த ஏழு டிகிரி கதையை நான் இதுவரை ஆறேழு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். எல்லோரும் புவியியல் வாத்தியார்கள். மற்றவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்றுதான் விட்டுவிட்டேன்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுக்க பி.எட். போல ஓர் ஆசிரியர் பயிற்சிப் படிப்பு வேண்டும். பாடக்குறிப்பு எழுத வேண்டும். நாம் நடத்துவதை ஒருவர் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்ல வேண்டும். கல்லூரிக்கு அதெல்லாம் கிடையாது. நெட், செட், பிஎச்.டி. என்று நமக்கு எவ்வளவு தெரியும் என்பதற்குத்தான் சோதனை. தெரிந்ததை இன்னொருவருக்கு எப்படிச் சொல்வது என்று யாரும் கேட்பதில்லை. வேலைக்குச் சேர்ந்த பிறகு ஓரியண்டேஷன், ரிஃப்ரெஷர் என்று அனுப்புவார்கள். 1986 தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு அதற்கென்றே பல்கலைக்கழகங்களில் அகாடமிக் ஸ்டாஃப் கல்லூரிகளை யுஜிசி தொடங்கியது. பிறகு அவற்றுக்கு மனிதவள மேம்பாட்டு மையம் என்று பெயர் மாறியது. இப்போது மாளவியா மிஷன். பெயர் மாறினாலும் போகிறவர்களின் காரணம் மாறவில்லை. பதவி உயர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும்.

நான் சேர்ந்தது 2016 ஜூனில். சேலம் பக்கம் ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவு. சம்பளம் 14,000. துறைத்தலைவர் ஒரு சிலபஸ் ஜெராக்ஸும் ஒரு பெட்டி சாக்பீஸும் கொடுத்து, “காலநிலையியல், தமிழ்நாட்டுப் புவியியல், பிராக்டிகல் மூணும் நீங்க பாத்துக்குங்க” என்றார். அவர் மேல் குறையில்லை. அவருக்கும் ஒரு காலத்தில் அவ்வளவுதான் கொடுத்திருப்பார்கள்.

என் பிஎச்.டி. ஏரிகளைப் பற்றியது. இருபது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை வைத்து நீர்ப்பரப்பு எவ்வளவு சுருங்கியது என்று கணக்கிட்டேன். நான்கு வருடமும் கம்ப்யூட்டர் முன்னால். ஆராய்ந்த ஏரிகளில் பாதியை நேரில் பார்த்ததில்லை. காம்பஸைக் கடைசியாகத் தொட்டது பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டில். ஐந்து பேருக்கு ஒரு காம்பஸ். ஒருத்தி பார்ப்பாள், நான்கு பேர் எழுதுவோம். நான் எழுதுகிற கூட்டத்தில் இருந்தேன்.

முதல் வருடம் முழுக்க ராத்திரி பதினொரு மணிக்குத்தான் மறுநாள் பாடத்தைப் படித்தேன். மாணவர்களைவிட ஒரு பக்கம் முன்னால் இருந்தால் போதும் என்பதுதான் லட்சியம். கோரியாலிஸ் விசையால் வட அரைக்கோளத்தில் காற்று வலப்பக்கம் விலகுகிறது என்று சொன்னால், ஏன் வலப்பக்கம் என்று ஒரு பெண் கேட்டாள். “அது சிலபஸ்ல இல்லம்மா” என்றேன். சிலபஸில் இருந்தது. எனக்குள் இல்லை. இந்த மாதிரி பதில்களைச் சொல்லச் சொல்ல ஒரு குரல் வந்துவிடும். கண்டிப்பான குரல். அடுத்த கேள்வி வராமல் பார்த்துக்கொள்கிற குரல். இரண்டாம் வருடத்தில் எனக்கு அது நன்றாகவே வந்துவிட்டது. “மேடம் ரொம்ப ஸ்ட்ரிக்ட்” என்று பெயர். உள்ளே எவ்வளவு பயம் என்பது லேப் அட்டெண்டர் அண்ணனுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். முக்காலியை நான் விரிக்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, யாரும் இல்லாத நேரத்தில், “சரிவு இருக்கிற பக்கம் ஒரு காலை நீட்டி வைக்கணும்ங்க மேடம்” என்று சொல்லிக் கொடுத்தது அவர்தான். அந்த வருடம் எனக்குக் கிடைத்த பயிற்சி அது ஒன்றுதான்.

பிராக்டிகலில் ‘லோக்கல் அட்ராக்‌ஷன்’ என்று ஒரு தலைப்பு உண்டு. அந்தப் பெயரைச் சொன்னதும் வகுப்பு சிரிக்கும். பையன்கள் ஒருவனையொருவன் இடிப்பார்கள். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு டிக்டேட் செய்வேன்: இரும்புப் பொருட்களோ காந்தத் தன்மையுள்ள பாறைகளோ அருகில் இருந்தால் காம்பஸ் ஊசி காந்த வடக்கிலிருந்து விலகும், அதற்கு லோக்கல் அட்ராக்‌ஷன் என்று பெயர். ஐந்து மார்க் கேள்வி. எழுதிக்கொள்வார்கள். இது வியாழக்கிழமை என்று வையுங்கள். செவ்வாய்க்கிழமை தமிழ்நாட்டுப் புவியியலில் கனிமங்கள் நடத்தியிருப்பேன். சேலம் கஞ்சமலையில் மாக்னடைட் இரும்புத் தாது. 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் பரங்கிப்பேட்டையில் நடத்திய இரும்பாலைக்கு இந்தச் சேலத்துத் தாதுதான் போனது. பின்னாளில் சேலம் உருக்காலை அந்த மலையடிவாரத்துக்கு வந்ததும் அந்தத் தாதுவை நம்பித்தான். ஆனால் ஆலை தொடங்கியபோது வெளியிலிருந்து உருக்கு வாங்கி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செய்கிற ஆலையாகத்தான் இயங்கியது. இதையெல்லாம் ரசித்து நடத்துவேன். செவ்வாய்க்கிழமைப் பாடமும் வியாழக்கிழமைப் பாடமும் என் தலைக்குள் ஒருநாளும் சந்தித்துக்கொண்டதில்லை.

2018 ஜனவரியில் மூன்றாம் ஆண்டு மாணவர்களைக் களப்பணிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கே? கஞ்சமலைக்குத்தான். நான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கான காரணங்கள்: டவுன் பஸ் போகும், செலவு குறைவு, சித்தர் கோயில் பக்கம் மதியம் சாப்பிட நிழல் இருக்கும்.

காம்பஸ் சர்வே தெரியாதவர்களுக்காக ஒரு பத்தி. A, B, C, D, E என்று ஐந்து இடங்களில் கம்பு நட்டு, ஒவ்வொன்றிலும் நின்று அடுத்த கம்பு காந்த வடக்கிலிருந்து எத்தனை டிகிரியில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். A-யிலிருந்து B-யைப் பார்ப்பது முன் திசைக்கோணம். B-க்குப் போய்த் திரும்பி A-யைப் பார்ப்பது பின் திசைக்கோணம். இரண்டுக்கும் சரியாக 180 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். ஒரே கோட்டை இரண்டு முனையிலிருந்தும் பார்க்கிறோம், அவ்வளவுதான். பிறகு தாளில் வரைந்தால் ஐந்து கோடுகளும் சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே முடிய வேண்டும். முடியாது. எப்போதும் கொஞ்சம் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்கு குளோசிங் எரர் என்று பெயர். சின்னதாக இருந்தால் எல்லாக் கோடுகளுக்கும் பகிர்ந்து சரிசெய்ய ஒரு முறை இருக்கிறது.

A-யும் B-யும் ஒழுங்காக வந்தன. B-யிலிருந்து C 131 டிகிரி. அப்படியானால் C-யில் நின்று B-யைப் பார்த்தால் 311 வர வேண்டும். இளம்பிள்ளைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பையன் காம்பஸைப் பிடித்திருந்தான். “304 மேடம்.”

“திரும்பப் பாரு.”

“304-தாங்க மேடம்.”

“கண்ணை ஒழுங்கா வச்சு, நூல் கம்பு மேல விழுதான்னு பாத்துப் படி.”

மூன்றாவது தடவையும் 304. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. 26 பேர் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள். அவன் மெதுவாக, “இந்த மலையில காந்தக் கல்லு இருக்குதுங்க மேடம். மழை பேஞ்சா ஓடையில கருப்பு மண்ணு ஒதுங்கும். சின்னப்புள்ளைல ஸ்பீக்கர் காந்தத்தைக் கயித்துல கட்டி இழுத்துட்டுப் போவோம், மீசை மாதிரி ஒட்டிக்கும்” என்றான். பசங்க சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். “கதை அப்புறம் சொல்லலாம், அடுத்த ஸ்டேஷனுக்குப் போ” என்றேன். D-யிலும் கணக்கு இடித்தது. “சரி, ரெக்கார்டுல அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனோம்.

அட்ஜஸ்ட் பண்ணுவது என்றால் என்ன என்று மாணவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவது. புற மதிப்பீட்டாளர் வரும்போது எல்லா டிராவர்ஸும் முத்துப்போல மூடியிருக்கும். நான் படித்தபோதும் அப்படித்தான், எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் படித்தபோதும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அந்த வகுப்பில் 25 பேர் 311 என்று எழுதி வந்தார்கள். அவன் மட்டும் 304 என்று எழுதி, அட்டவணைக்குக் கீழே பென்சிலில், ‘C அருகில் கருப்புப் பாறை உள்ளது’ என்று ஒரு குறிப்பும் போட்டிருந்தான். எண்ணை அடித்தேன். குறிப்பின் மேலும் ஒரு கோடு இழுத்தேன். ஆறு மார்க்.

2019 மே மாதம் ஒரு பல்கலைக்கழகத்தில் புவியியலுக்கும் புவி அறிவியலுக்கும் சேர்த்து இரண்டு வார ரிஃப்ரெஷர் கோர்ஸ் என்று சுற்றறிக்கை வந்தது. போகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றேன். அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. “உங்களுக்கு இதனால என்னம்மா பயன்? சுயநிதிக்கு சிஏஎஸ் பதவி உயர்வே கிடையாதே.” கடைசியில் சம்பளமில்லா விடுப்பு என்றால் ஆட்சேபம் இல்லை என்றார். ஏழாயிரம் போகும். இரண்டு வயது மகளை ராசிபுரத்தில் அம்மாவிடம் விட்டேன். பஸ் ஏறும்போது அவள் அழவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. வகுப்பில் அந்தக் கண்டிப்பான குரலோடு இன்னும் முப்பது வருடம் இருக்க முடியாது என்று மட்டும் தோன்றியது. அதை முதல்வரிடம் எப்படிச் சொல்வது?

மொத்தம் 32 பேர் வந்திருந்தோம். முதல் நான்கு நாட்கள் நாக் மதிப்பீடு, மூல்ய கல்வி, ‘21-ஆம் நூற்றாண்டின் ஆசிரியர்’. தலைமைப் பண்பு பற்றிப் பேசிய ஒருவர் கழுகு தன் அலகைப் பாறையில் மோதி உடைத்துப் புதுப்பித்துக்கொள்கிற கதையைச் சொன்னார். அது உண்மையில்லை என்பது அந்த அறையில் பலருக்கும் தெரியும். கைதட்டினோம். பின் வரிசையில் எதிர்வரும் தேர்வுத் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். நியாயமாகச் சொன்னால் தொலையுணர்வு வகுப்புகள் நன்றாக இருந்தன. க்யூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளை வைத்தே ஒரு லேப் நடத்திவிடலாம் என்பதை அங்கேதான் கற்றேன். ஆனால் எல்லாப் பேச்சும் நமக்கு ஏற்கெனவே பாடம் நடத்தத் தெரியும், புதுச் செய்திதான் தேவை என்ற நம்பிக்கையில் நடந்தது.

ஐந்தாம் நாள் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் வந்தார். பவர்பாயின்ட் இல்லை. கையில் ஒரு சுருட்டிய டோப்போ ஷீட். 50,000-க்கு 1 அளவு. மேசைமேல் விரித்து எங்களைச் சுற்றி நிற்கச் சொன்னார். மலைச்சரிவில் ஒரு நீலக் கோட்டைக் காட்டி, “தண்ணி எந்தப் பக்கம் ஓடுது?” என்றார்.

பி.எஸ்ஸி. முதலாண்டுக் கேள்வி. சம உயரக் கோடுகள் ஓடையைக் கடக்கும் இடத்தில் V போல வளையும், அந்த V-யின் கூர்முனை மேட்டுப் பக்கம் இருக்கும், தண்ணீர் எதிர்ப்பக்கம் ஓடும். 32 பேரும் அதைப் பல வருடங்களாக நடத்திக்கொண்டிருப்பவர்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒருவர் கண்ணாடியைத் துடைத்தார். அந்த மௌனம் எனக்கு நன்றாகத் தெரிந்தது. அதை நான் என் வகுப்பில் உண்டாக்குகிறவள். எப்படி வந்ததோ தெரியவில்லை, “கிழக்கே” என்றேன். தமிழ்நாட்டு ஆறுகள் பெரும்பாலும் கிழக்கே ஓடும் என்ற ஞானம். அது மலையின் மேற்குச் சரிவு. ஓடை மேற்கேதான் இறங்கியது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அப்பாடா, ஒருத்தர் தப்பா சொல்லிட்டாங்க. இனி கிளாஸை ஆரம்பிக்கலாம்” என்றார். கேலி இல்லை. பிறகு, இதே பதிலை மனதில் வைத்திருந்தவர்கள் கை தூக்குங்கள் என்றார். நேரம் எடுத்து, ஒவ்வொன்றாக, ஒன்பது கைகள் வந்தன. என் காது இன்னும் சூடாகத்தான் இருந்தது. ஆனால் அன்று மதியம் மூன்று மணி நேரம் யாரும் போனைப் பார்க்கவில்லை.

அன்று ராத்திரி மெஸ்ஸில் சப்பாத்தி முடிந்த பிறகும் ஐந்து பேர் எழுந்து போகவில்லை. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர், “நான் ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது” என்று ஆரம்பித்தார். கடலோர மாவட்டங்களின் டோப்போ ஷீட்டுகள் பாதுகாப்புக் காரணமாகக் கட்டுப்படுத்தப்பட்டவை, கல்லூரிகளுக்கு எளிதில் கிடைக்காது. 2021-ல்தான் விதிகள் தளர்ந்தன. “எங்க ஊர் ஷீட்டை நானே கண்ணால பாத்ததில்ல. டேராடூன் பக்கத்து ஷீட்டு ஒண்ணு டிபார்ட்மென்ட்ல கிடக்கு, அதை வச்சுத்தான் பத்து வருஷமா நடத்துறேன். கடல் பாத்தே வளர்ந்த புள்ளைங்களுக்கு இமயமலைச் சரிவு. சமதரையில காண்டூர் எப்படி இருக்கும்னு கேட்டா எனக்கே தெரியாது.” தருமபுரிக்காரர் ஒருவர், மெர்க்கேட்டர் படச்சட்டத்தை எட்டு வருடமாக அட்டவணையைப் பார்த்து வரைய வைக்கிறேன், துருவத்துப் பக்கம் கோடுகளின் இடைவெளி ஏன் கூடுகிறது என்று ஒரு மாணவனுக்குச் சொல்ல முடிந்ததில்லை என்றார். புவியமைப்பியல்காரர் தனக்கு மேடைப் பயம், வகுப்புக்கு முன் இன்றும் வாந்தி வரும் என்றார்.

நான் 304 கதையைச் சொன்னேன். முடிப்பதற்குள் அந்தப் புவியமைப்பியல்காரர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். “கஞ்சமலையிலயா? மாக்னடைட் மேல காம்பஸை வச்சுட்டு, பையனைத் திட்டுனீங்களா?”

செவ்வாயும் வியாழனும் அப்போதுதான் சந்தித்தன. ஒன்றரை வருடம் கழித்து, எச்சில் தட்டுக்கு முன்னால்.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி உட்கார்ந்தோம். மெர்க்கேட்டருக்கு இரண்டு ராத்திரி ஆனது. உலக உருண்டையில் தீர்க்கக் கோடுகள் துருவத்தில் சந்திக்கின்றன, படத்தில் அவற்றை இணையாக நிறுத்திவிட்டோம், கிழக்கு மேற்காக எவ்வளவு இழுத்தோமோ அதே அளவு வடக்கு தெற்காகவும் இழுத்தால்தான் வடிவம் கெடாது என்று ஆரஞ்சுப் பழத்தோலை உரித்து அக்காதான் கடைசியில் பிடித்தார். ஷீட் எண்ணை மனதிலேயே கணக்கிடுவது எப்படி என்று நான் சொல்லிக் கொடுத்தேன். 58 என்பது நான்கு டிகிரிக் கட்டம். அதை 16 எழுத்துகளாக, ஒவ்வொரு எழுத்தையும் 16 எண்களாகப் பிரிக்கிறார்கள். மேலிருந்து கீழாக, பத்தி பத்தியாக எண்ணிக்கொண்டு போனால் சேலமும் கஞ்சமலையும் 58 ஐ/2-ல் வந்து நிற்கும். நிறைவு நாளில் கோட் போட்டு குரூப் போட்டோ எடுத்தார்கள், சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த ராத்திரிகளுக்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, நல்லவேளை.

பிறகு தேடிப் பார்த்ததில், இதையே வேலையாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் கென்னத் ஃபூட் என்ற புவியியலாளர், 2002-லிருந்து, புதிதாக வேலைக்குச் சேர்ந்த புவியியல் ஆசிரியர்களுக்கென்றே கோடைப் பட்டறைகள் நடத்தியிருக்கிறார். அவரும் மைக்கேல் சோலமும் ஜானிஸ் மங்க்கும் தொகுத்து 2009-ல் வந்த ‘ஆஸ்பைரிங் அகாடமிக்ஸ்’ என்ற புத்தகத்தில் பாடத்திட்டத்தை அமைப்பது மட்டுமில்லாமல், நேரத்தைப் பங்கிடுவது, துறைக்குள் சக ஆசிரியர்களோடு பழகுவது, வேலையையும் வீட்டையும் சமாளிப்பது எல்லாம் தனித்தனி அத்தியாயம். அங்கும் பயம் இதேதான் போல. நம் ஊரிலும் இது புதுசில்லை. இன்று இந்தியன் ஜியாகிரபிகல் சொசைட்டி என்று இருப்பது 1926-ல் மெட்ராஸ் ஜியாகிரபிகல் அசோசியேஷன் என்று தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவரான என். சுப்பிரமணியம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நூறு வருடத்துக்கு முன்னால் புவியியல் வாத்தியார்கள் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். இடையில் அது எப்போது கழுகுக் கதையாக மாறியது?

திரும்பி வந்ததும் துறை பீரோவில் பழைய ரெக்கார்டுகளைத் தேடினேன். எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்தார்கள். அட்டெண்டர் அண்ணன் கட்டைப் பிரித்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, பேராசிரியர் சொன்ன முறையில் உட்கார்ந்தேன்.

A-க்கும் B-க்கும் இடையில் வித்தியாசம் சரியாக 180. ஆகவே அந்த இரண்டு இடத்திலும் தொந்தரவு இல்லை. B-யிலிருந்து C 131 என்பதை நம்பலாம். C-யில் 311 வர வேண்டிய இடத்தில் 304 வந்திருக்கிறது. ஆகவே C-யில் ஊசி ஏழு டிகிரி ஏமாற்றுகிறது. அப்படியானால் C-யிலிருந்து பார்த்த எல்லாவற்றிலும் ஏழைக் கூட்ட வேண்டும். C-யிலிருந்து D-க்கு அவன் எழுதியிருந்தது 198. அதை 205 ஆக்கினால், D-யில் திரும்பிப் பார்க்கும்போது 25 வர வேண்டும். அவன் எழுதியிருந்தது 29. ஆகவே D-யில் நான்கு டிகிரி அதிகம். D-யிலிருந்து E 284, நான்கைக் கழித்தால் 280. E-யில் திரும்பிப் பார்த்தால் 100. நோட்டைப் பார்த்தேன். 100.

தாளில் வரைந்தேன். மூடிக்கொண்டது. ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இல்லை என்று சொல்ல மாட்டேன், பென்சில் முனை அளவு இருந்தது. நான் அடித்துத் திருத்திய 311 சரியான எண்தான், அதில்தான் வேடிக்கை. ஆனால் அந்த 304-ஐ அழித்துவிட்டால் ஏழு டிகிரி போய்விடும். ஏழு டிகிரி போனால் மற்ற எதையும் திருத்த வழியில்லை. 25 நோட்டுகளில் வழியில்லாமல் போயிருந்தது. ஒரு நோட்டில் இருந்த வழியையும் அடைத்து, ஆறு மார்க் போட்டிருந்தேன்.

அவனுக்குப் போன் செய்ய ஒரு வாரம் ஆனது. அப்பாவோடு சேர்ந்து சேலை வியாபாரம், வாட்ஸப்பில் ஆர்டர் எடுக்கிறான். விஷயத்தைச் சொன்னேன். “இதுக்கா மேடம் போன் பண்ணீங்க?” என்று சிரித்தான். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேரும் கஞ்சமலையில் கூடினோம். ராமநாதபுரத்து அக்கா ராத்திரி பஸ் பிடித்து வந்திருந்தார். அவன் பைக்கில் வந்தான், பையில் பழைய ஸ்பீக்கர் காந்தம். ஓடை மணலில் இழுத்துக் காட்டினான். மீசை மாதிரியேதான். அக்கா அதை ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டார்.

கம்புகளை நட்டு, C-யில் காம்பஸை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனிடம் மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் கம்பை நேராகப் பிடித்துக்கொண்டே சொன்னான்: “நீங்க அடிச்சப்பவே காம்பஸ்தான் சரின்னு தெரியும்ங்க மேடம். ஆனா எக்ஸ்டர்னல் வருவாருல்லங்க. உங்களுக்கும் வேற வழி இல்லைன்னு நெனச்சுக்கிட்டேன்.”

கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ஆசிரியருக்கு உண்மை வேண்டாம், மூடிய படம்தான் வேண்டும் என்பதை அவன் என்னிடம் கற்றுக்கொண்டு, அதற்காக என்மேல் பரிதாபமும் பட்டிருக்கிறான். மூன்று வருடப் படிப்பில் நான் அவனுக்குத் தெளிவாகச் சொல்லிக்கொடுத்த பாடம் அதுவாகக்கூட இருக்கலாம்.

அடுத்த பேட்ச்சில் ரெக்கார்டு எழுதும் முறையை மாற்றினேன். பார்த்த எண் ஒரு பத்தியில், திருத்திய எண் பக்கத்துப் பத்தியில், ஏன் திருத்தினோம் என்று கீழே நாலு வரி. பார்த்த எண்ணை யாரும் அழிக்கக் கூடாது. 2020 மார்ச் முதல் வாரம் பிராக்டிகல் தேர்வு. புற மதிப்பீட்டாளர் நோட்டுகளைப் புரட்டினார். “என்ன மேடம், எல்லாத்துலயும் இவ்வளவு எரர்?” விளக்கினேன். தலையாட்டினார். ஆனால் மார்க் பட்டியல் வந்தபோது எங்கள் பிள்ளைகளுக்குப் போன வருடத்தைவிட இரண்டு மூன்று குறைவாகத்தான் இருந்தது. ஒரு பெண் என் மேசைக்கு வந்து, “பழைய மாதிரியே எழுதியிருக்கலாமேங்க மேடம்?” என்று கேட்டாள். எம்.எஸ்ஸி. சேர அவளுக்கு அந்த மூன்று மார்க் முக்கியம். அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. அடுத்த வாரம் ஊரடங்கு வந்தது, பிறகு அந்த 31 சான்றிதழ்கள்.

ஐந்து பேர் வாட்ஸப் குரூப் இப்போது 19 பேராகிவிட்டது. குட் மார்னிங் படம் போட்டால் நீக்கிவிடுவோம். ‘கேக்கவே கூச்சமா இருக்கு’ என்று தொடங்குகிற செய்திகள்தான் அதிகம் வரும். அதில் பாதிப் பேர் கௌரவ விரிவுரையாளர்களும் என்னைப் போன்ற சுயநிதிக்காரர்களும். இரண்டு வாரம் சம்பளத்தை விட்டுவிட்டுப் பயிற்சிக்குப் போக முடியாதவர்கள். புவியமைப்பியல்காரருக்கு இன்னும் சில நாள் வாந்தி வருகிறதாம். சொல்கிறார்.

இந்த பிப்ரவரியில் மறுபடி கஞ்சமலை. எங்கள் துறையில் புதிதாகச் சேர்ந்த பெண்ணும் வந்திருந்தார். போன வருடம்தான் பிஎச்.டி. முடித்தவர். நகரங்களின் வெப்பநிலையைச் செயற்கைக்கோள் படத்தில் ஆராய்ந்தவர். மாணவர்கள் வெயிலுக்குப் புத்தகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார்கள். C-யில் காம்பஸைப் பார்த்தவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பக் குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, மாணவர்களுக்குக் கேட்காத குரலில், “மேடம், எனக்குத் தப்பா வருது” என்றார்.

“எவ்வளவு வருது?”

சொன்னார்.

“அதைச் சத்தமா சொல்லுங்க. பிள்ளைங்க எழுதிக்கட்டும்” என்றேன்.